4 நாள் முன்பே தெரிந்த வெள்ளம். ஜெர்மனியில் 180 பேர் இறந்தது எப்படி? நீரியலாளர் ஹன்னா குளோக் ஆய்வு சொல்வது என்ன?

2021 ஜூலை 14 இரவு. மேற்கு ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் ஆற்று நீர் வீடுகளுக்குள் புகுந்தது. ஜின்சிக் நகரில் மாற்றுத்திறனாளிகள் இல்லம் ஒன்றில் 12 பேர் வெளியேற முடியாமல் இறந்தனர். அந்த வெள்ளத்தில் ஜெர்மனியில் மட்டும் 180க்கும் அதிகமானோர் பலியானார்கள்.

ஆனால், 'ஈஃபாஸ்' எனப்படும் ஐரோப்பிய வெள்ள எச்சரிக்கை அமைப்பு, ஜூலை 10ஆம் தேதி முதலே ரைன் ஆற்றுப் படுகைக்கான எச்சரிக்கைகளை அதிகாரிகளுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. முழுசா நாலு நாள் கையில் இருந்தது.

அப்படியும் இத்தனை உயிர் போனது எப்படி என்று உரக்கக் கேட்டவர் ஹன்னா குளோக். ஒட்டுமொத்த அமைப்பே மாபெரும் தோல்வி அடைந்துவிட்டது என்று அவர் கண்டித்தது உலகம் முழுக்க செய்தியானது.

யார் இவர்?

பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் நீரியல் பேராசிரியர். ஈஃபாஸ் உள்ளிட்ட வெள்ள முன்னறிவிப்பு முறைகளை மேம்படுத்திய ஆய்வாளர்களில் ஒருவர். வெள்ள முன்னறிவிப்புப் பணிக்காக 2019ல் பிரிட்டிஷ் அரசின் 'ஓபிஇ' விருது பெற்றார். அதனால்தான் 2021ல் அவர் பேசியது வெளியாள் சொன்ன குறையாக இல்லை.

வெள்ளத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

வானிலையை நூறு சதவீதம் துல்லியமாக அளக்க யாராலும் முடியாது. தொடக்கத்தில் சின்ன பிசகு இருந்தாலும் நாலைந்து நாளில் கணிப்பு எங்கேயோ போய்விடும். எனவே ஒரே ஒரு கணிப்பை நம்பாமல், தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி கணினியில் சுமார் 50 முறை ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் வரும் மழை அளவை ஆற்று மாதிரியில் போடுகிறார்கள். மண் எவ்வளவு உறிஞ்சும், மிச்சம் எவ்வளவு ஓடும், ஆறு எப்போது கரையைத் தாண்டும் என்று அது கணக்குப் போடும். 50ல் 35 கணிப்புகள் அபாய அளவைத் தாண்டினால், வெள்ள வாய்ப்பு 70 சதவீதம்.

இந்த முறையைப் பற்றி குளோக்கும் ஃப்ளோரியன் பாப்பன்பெர்கரும் 2009ல் எழுதிய மதிப்பாய்வு, இந்தத் துறையில் இன்றும் அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று. இருவரும் பங்கேற்ற 2015 ஆய்வு இன்னொன்று சொன்னது. ஐரோப்பாவில் வெள்ள எச்சரிக்கைக்குச் செலவிடும் ஒவ்வொரு யூரோவுக்கும் சுமார் 400 யூரோ மிச்சமாகும்!

பயன் கிடைத்த இடம் எது?

வங்கதேசம். 2020 ஜூலை முதல் வாரத்தில், இதே முறையில் இயங்கும் 'குளோஃபாஸ்' என்ற உலகளாவிய அமைப்பு, ஜமுனா ஆற்றில் மாத நடுவில் பெரிய வெள்ளம் வரும் என்று காட்டியது. தண்ணீர் வந்தபின் நிவாரணம் கொடுப்பதுதான் உலக வழக்கம். இந்த முறை வெள்ளம் உச்சத்தைத் தொடும் முன்பே ஐ.நா. சுமார் 52 லட்சம் டாலரை விடுவித்தது. குடும்பங்களின் கைக்குப் பணம் போனது. மாட்டுத் தீவனமும், பொருட்களை நனையாமல் வைக்க டிரம்களும் வழங்கப்பட்டன.

ஜெர்மனியில் எங்கே அறுந்தது?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆர் சின்ன ஆறு. எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று நாலு நாள் முன்பே சொல்ல எந்த மாதிரியாலும் முடியாது. ஆனால் அந்தப் பகுதியில் பெருமழையும் வெள்ளமும் வரப்போவது தெரிந்திருந்தது. ஈஃபாஸ் எச்சரிக்கை நேரடியாக மக்களுக்குப் போவதில்லை. தேசிய, மாநில அமைப்புகளுக்குப் போய், அங்கிருந்து மாவட்டத்துக்கு இறங்கி, கடைசியில்தான் வீட்டு வாசலுக்கு வர வேண்டும். அந்த இறக்கத்தில்தான் சங்கிலி அறுந்தது. 'வெள்ளம் வரும்' என்பதை 'இப்போதே மாடிக்குப் போங்க' என்று மாற்றிச் சொல்ல ஆள் இல்லை.

அந்தத் துயரத்துக்குப் பிறகு, 2023 பிப்ரவரியில் ஜெர்மனி செல் பிராட்காஸ்ட் முறையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு நம்ம ஊர் போன்களும் திடீரென அலறி ஒரு சோதனைச் செய்தியைக் காட்டியதே, அதே தொழில்நுட்பம்தான்.

கருவி இருந்தால் போதுமா?

ஸ்பெயினிடம் அது இருந்தது. 2024 அக்டோபர் 29ஆம் தேதி, வலென்சியா பகுதிக்கு வானிலைத் துறை காலை 8 மணிக்கு முன்பே சிவப்பு எச்சரிக்கை விடுத்தது. முன்கூட்டியே கணிக்கப்பட்ட வெள்ளத்தில் இத்தனை பேர் சாகக் கூடாது என்று குளோக் மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று. பலி 220ஐத் தாண்டியது. மக்களின் போன்களில் அவசரச் செய்தி ஒலித்தபோது இரவு மணி 8.11. அதற்குள் பல தெருக்களில் வெள்ளம் கார்களை அடித்துச் சென்றுகொண்டிருந்தது.