வாக்குரிமையும் அவை விதியும்

மக்களாட்சி நாட்டில் குடிமக்களின் கடமை வாக்குச் சாவடியோடு முடிந்துவிடுகிறது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். விரலில் மை இட்டுக்கொண்டு வீடு திரும்பியபின், நாம் அளித்த வாக்கு எங்கே செல்கிறது, எவ்வாறு பயன்படுகிறது என்று பின்தொடர்ந்து பார்ப்பதில்லை. பார்த்தால், அது ஒரு சட்டமன்ற உறுப்பினரின் இருக்கையில் போய் அமர்ந்திருப்பதைக் காண்போம். அவ்விருக்கையில் இருப்பவர் எப்பொழுது பேசலாம், எவ்வளவு நேரம் பேசலாம், அவையின் அலுவலைத் தடுத்தால் அவருக்கு என்ன நேரும் என்பனவற்றை முடிவு செய்வன அவை நடைமுறை விதிகள். ஆகவே, அவ்விதிகள் பற்றிய வழக்கு உறுப்பினர்களுக்கும் அவைத் தலைவருக்கும் இடையே உள்ள வீட்டு வழக்கு அன்று; வாக்களித்த நம் அனைவரின் வழக்குமாகும். நம் மாநிலத்து நிகழ்ச்சி ஒன்றிலிருந்து தொடங்கி இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருணாபுரமும் பேரவையும்

கள்ளக்குறிச்சி நகரைச் சார்ந்த கருணாபுரம், அன்றாடம் உழைத்து உண்ணும் எளிய மக்கள் வாழும் பகுதி. 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அங்கும் அதன் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்தியோர் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெற்றோரை இழந்த பிள்ளைகளின் அழுகுரல் நாடெங்கும் கேட்டது.

அதே வாரத்தில், ஜூன் 20 அன்று, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை கூடியது. வினா நேரத்தை ஒத்திவைத்துவிட்டு இத்துயரத்தை உடனே விவாதிக்க வேண்டும் என்று முதன்மை எதிர்க்கட்சியான அ.இ.அ.தி.மு.க.வின் உறுப்பினர்கள் கோரினர். வினா நேரம் முடிந்தபின் அதுபற்றிப் பேசலாம் என்பது பேரவைத் தலைவரின் நிலை. முழக்கம் எழுந்தது; அலுவல் தடைப்பட்டது; உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டனர். ஜூன் 26 அன்று, எஞ்சிய கூட்டத்தொடர் முழுமைக்கும் அவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். ஜூன் 29 அன்று, கள்ளச்சாராயக் குற்றங்களுக்கு வாழ்நாள் சிறை வரை தண்டனை விதிக்க வழிசெய்யும் மதுவிலக்குத் திருத்தச் சட்டமுன்வடிவு நிறைவேறியது. அன்று முதன்மை எதிர்க்கட்சி அவையில் இல்லை.

இங்கே நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் கள்ளக்குறிச்சித் தனித்தொகுதி மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினரும் அக்கட்சியைச் சேர்ந்தவரே. எந்த ஊரின் சாவு பேரவையை உலுக்கியதோ, அந்த ஊரின் துயருக்கு விடையாகச் சட்டம் இயற்றப்பட்ட நாளில், அந்த ஊரார் வாக்களித்து அனுப்பிய கட்சியின் இருக்கைகள் வெறுமையாக இருந்தன.

பிழை எவருடையது என்று தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. ஏனெனில் இரு பக்கத்திலும் வாக்காளர் உளர். வினா நேரம் என்பது எல்லாத் தொகுதிகளுக்கும் உரிய பொதுச் சொத்து. தன் ஊருக்குக் குடிநீரும் பாலமும் கேட்டுக் காத்திருக்கும் உறுப்பினரின் வாக்காளர்க்கு அது இழப்பு. மறுபுறம், அறுபது பிணங்கள் வீழ்ந்த வேளையில் அவை தன் வழக்கமான அலுவலை நடத்திக்கொண்டிருப்பது முறையா என்ற வினாவும் எளிதில் தள்ளத்தக்கது அன்று. தடுப்பதற்கும் எல்லை வேண்டும். தடுப்பவரை அடக்குவதற்கும் எல்லை வேண்டும். அவ்வெல்லைகளை எங்கே வரைவது?

பேச்சே தடையான வரலாறு

இவ்வினாவோடு மிக நீண்ட காலம் போராடிய அவை, அமெரிக்க நாட்டின் செனட் எனப்படும் மேலவை. அங்கே உறுப்பினர் ஒருவர் எழுந்து பேசத் தொடங்கினால், அவராக அமரும்வரை அவரைத் தடுக்க இயலாது என்ற மரபு இருந்தது. பேசிப் பேசியே ஒரு சட்டத்தைக் கொன்றுவிடும் இம்முறைக்குப் ‘பிலிபஸ்டர்’ என்று பெயர். 1917-இல் விவாதத்தை முடிக்கும் விதி ஒன்று வகுக்கப்பட்டது. எனினும் அதற்கு மூன்றில் இருபங்கு வாக்குகள் தேவைப்பட்டன.

சிறுபான்மையரின் குரலைக் காக்கும் கேடயம் என்று போற்றப்பட்ட இவ்விதி, நடைமுறையில் எதற்குப் பயன்பட்டது? தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் வாக்களிக்க இயலாதவாறு வாக்கு வரியும் எழுத்தறிவுத் தேர்வும் வைத்திருந்தனர். வாக்கு வரியை நீக்கும் சட்டமுன்வடிவுகள் 1940-களில் பலமுறை கீழவையில் நிறைவேறியும் செனட்டைக் கடக்க இயலவில்லை. 1957-இல் வாக்குரிமைப் பாதுகாப்பை முதன்மையாகக் கொண்ட குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து ஸ்ட்ராம் தர்மண்ட் என்னும் உறுப்பினர் 24 மணி 18 நிமிடம் இடைவிடாது பேசினார். அவையில் இருந்த சிறுபான்மையர், நாட்டில் இருந்த சிறுபான்மையரை ஒடுக்குதற்கு அவ்விதியைக் கருவியாக்கினர்.

1965-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் செல்மா நகரில் வாக்குரிமை கேட்டு நடந்தோர் மீது காவலர்கள் நடத்திய தாக்குதல் நாட்டின் மனச்சான்றை எழுப்பியது. அதன்பின் செனட்டில் 70-க்கு 30 என்ற வாக்குகளால் விவாதம் முடிக்கப்பட்டு, ஆகஸ்டு 6 அன்று வாக்குரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் வாக்காளராகப் பதிவுபெற்ற கறுப்பின மக்கள் அதுவரை நூற்றுக்கு 7 பேர் கூட இல்லை. இரண்டே ஆண்டுகளில் அவ்வளவு ஏறத்தாழ 60 ஆயிற்று. ஓர் அவையின் கதவு திறந்ததும் வாக்குச் சாவடியின் கதவும் திறந்தது.

இவ்வழக்கு அத்துடன் முடியவில்லை. 2013-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் முதன்மையான பகுதி ஒன்றைச் செயலிழக்கச் செய்தது. அதனை மீட்கும் நோக்குடைய சட்டமுன்வடிவு 2022 சனவரியில் செனட்டுக்கு வந்தபோது, விவாதத்தை முடிக்கத் தேவையான 60 வாக்குகள் கிடைக்கவில்லை. அச்சட்டத்திற்காக மட்டும் விதியைத் தளர்த்தும் முயற்சியும் 48-க்கு 52 என்ற வாக்குகளால் தோற்றது.

நம் நாட்டு முறை

நம் நாட்டில் நிலை வேறு. நம் அவைகளில் எவரும் விடிய விடியப் பேசிச் சட்டத்தை நிறுத்த இயலாது. ஒவ்வோர் அலுவலுக்கும் அலுவல் ஆய்வுக் குழு நேரத்தை வரையறுக்கிறது. அவையிலுள்ளோரின் எளிய பெரும்பான்மையே முடிவு செய்கிறது. பேசித் தடுக்க வழியில்லாத இடத்தில் முழக்கத்தால் தடுக்கும் வழக்கம் வளர்ந்தது. அமெரிக்க முறையில் சிறுபான்மையர் பெரும்பான்மையரைக் கட்டிப்போடலாம். நம் முறையில் பெரும்பான்மையர் சிறுபான்மையரை வெளியே அனுப்பலாம். 2023 திசம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலுமாக 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்ட நிலையில், குற்றவியல் சட்டங்கள் மூன்றும் நிறைவேறியதை நாம் கண்டோம்.

இந்த அதிகாரத்திற்கு ஓர் எல்லையை உச்ச நீதிமன்றம் வரைந்துள்ளது. மராட்டியச் சட்டமன்றத்தில் 2021 சூலையில் 12 உறுப்பினர்கள் ஓராண்டுக்கு இடைநீக்கம் செய்யப்பட்டனர். அது செல்லாது என்று 2022 சனவரி 28 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் கருத்து எளியது; ஆயினும் ஆழமானது. இடைநீக்கம் என்பது அவையில் ஒழுங்கை மீட்பதற்கு உரிய வழி. அது நடப்புக் கூட்டத்தொடரைத் தாண்டலாகாது. உறுப்பினரை அடியோடு நீக்கினாலாவது இடைத்தேர்தல் வரும்; ஓராண்டு இடைநீக்கத்திலோ தொகுதிக்கு உறுப்பினர் இருந்தும் இல்லாத நிலை ஏற்படும். அத்தண்டனை உறுப்பினருக்கு அன்று, அவரை அனுப்பிய மக்களுக்கே என்பதை அத்தீர்ப்பு உணர்த்தியது.

இவ்விடத்தில் நம் பெரியோர் நன்கு அறிந்த ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்தல் தகும். 1947 ஆகஸ்டு 27 அன்று அரசியல் நிர்ணய சபையில், முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்ற திருத்தத்தைச் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற பி. போக்கர் சாகிப் முன்மொழிந்தார். 1949 மே திங்களில் கண்ணியமிகு காயிதே மில்லத் அக்கோரிக்கையை மீண்டும் எழுப்பினார். இருமுறையும் அது தோற்றது. அக்கோரிக்கை சரியா தவறா என்பது வேறு செய்தி. நாட்டுப் பிரிவினையின் கொந்தளிப்பிலும் அவர்கள் பேசுவதற்கு இடம் இருந்தது, அவர்களுக்கு மறுமொழி சொல்லப்பட்டது, வாக்கெடுப்பு நடந்தது, பேசியோரின் சொற்கள் அவைக் குறிப்பில் இன்றும் உள்ளன. சிறுபான்மையர் சொல்லவும், பெரும்பான்மையர் கேட்டபின் முடிவு செய்யவும் இயன்றது. இவ்விரண்டும் சேர்ந்ததே அவை நெறி.

நாம் கேட்க வேண்டியவை

கருணாபுரத்திற்கு அண்மையிலுள்ள கல்வராயன் மலையின் வரலாறு இந்நெறியின் அருமையை உணர்த்தும். சாராயச் சாவுகளுக்குப்பின் அம்மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து ஆராய்ந்தது. 1976 வரை அம்மலை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது என்றும், அம்மக்கள் வாக்களிக்கத் தொடங்கியதே மிகப் பிற்காலத்தில்தான் என்றும் அங்கு எடுத்துரைக்கப்பட்டதாக நாளேடுகள் எழுதின. இவ்வளவு காலந்தாழ்ந்து கைக்கு வந்த வாக்கு, அவைக்குள் சென்றபின் ஓசையில் அமிழ்ந்துபோவதோ, வாயிற்படியில் நிறுத்தப்படுவதோ பெருங்கொடுமை.

தீர்வு இல்லாமல் இல்லை. பிரித்தானிய மக்களவையில், அலுவலை எதிர்க்கட்சிகளே முடிவு செய்யும் நாட்கள் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் 20 உண்டு. பேசுவதற்கென உரிமையாக ஒரு நாள் இருப்பின், முழக்கமிட்டு அதைப் பறிக்க வேண்டிய தேவை குறையும். நம் நாட்டில் அரசியலமைப்புச் செயல்பாட்டை ஆய்ந்த தேசிய ஆணையம், பெரிய மாநிலச் சட்டமன்றங்கள் ஆண்டுக்கு 90 நாட்களேனும் கூட வேண்டும் என்று 2002-இல் பரிந்துரைத்தது. நாட்கள் மிகுந்தால் நேரத்திற்கான சண்டை தணியும். பெருந்துயர் நிகழும்போது அதனை அன்றே விவாதிக்கும் உரிமையையும், விவாதத்திற்குப்பின் வாக்கெடுப்பைத் தடுக்காத கடமையையும் விதிகளிலேயே எழுதிவிடலாம்.

அவை விதி ஒன்றை எடைபோடுதற்கு நாம் கட்சியின் பெயரைக் கேட்க வேண்டுவதில்லை. இவ்விதியால் எவருடைய வாக்கு பயனற்றுப் போகிறது என்று கேட்டால் போதும். இன்று ஆள்வோர் நாளை எதிர்வரிசையில் அமர்வர், எதிர்வரிசையினர் ஆள்வர். வாக்காளர் மட்டும் எப்பொழுதும் வாக்காளராகவே இருப்பர். முதன்முறையாக விரலில் மையிடப் போகும் மாணவச் செல்வங்கள், அம்மை உலர்ந்த பின்னும் தம் வாக்கைப் பின்தொடர்ந்து செல்வார்களாக. கருணாபுரத்தில் மாண்டவர்களுக்காகப் பேரவையில் எவர் பேசினார், எவர் கேட்டார், எந்த இருக்கை வெறுமையாக இருந்தது என்று அறிந்துகொள்வதும் வாக்களிப்பதன் ஒரு பகுதியே.