பைனஸ் ஒன்றல்ல, இரண்டு

மலையகத்துச் சரிவுகளில் வரிசை வரிசையாக நிற்கும் ஊசியிலை மரங்கள் அனைத்தையும் நாம் 'பைனஸ்' என்ற ஒரே பெயரால் அழைத்துப் பழகிவிட்டோம். நீரை உறிஞ்சுகின்றது, தீயை வளர்க்கின்றது என்னும் குற்றச்சாட்டுகளையும் அந்த ஒரே பெயரின் மீதே சுமத்துகின்றோம். ஆயினும் அங்கு நிற்பவை பிரதானமாக இருவேறு இனங்களாகும்.

ஒன்று கரிபியன் பைன். மத்திய அமெரிக்காவின் வெப்பமான தாழ்நிலங்களிலும் வளர்வது. 1970களிலும் 1980களிலும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் புல்வெளிகளிலும் பெருமளவில் நடப்பட்டது இதுவே. மற்றையது பட்டுலா பைன். மெக்சிக்கோவின் குளிர்ந்த மலைகளைத் தாயகமாகக் கொண்ட இது, நுவரெலியா போன்ற உயர்ந்த பிரதேசங்களுக்கே பொருந்தியது.

இரண்டிலும் ஊசியிலைகள் பெரும்பாலும் மும்மூன்றாகவே அமைந்திருக்கும். ஆனால் கரிபியன் பைனின் இலை விறைப்பானது. பட்டுலாவின் இலையோ மெலிந்து கீழ்நோக்கித் தொங்கும். பட்டுலாவின் மேற்றண்டில் செந்நிறப் பட்டை மெல்லிய ஏடுகளாக உரியும்.

முக்கியமான வேறுபாடு தீயின் முன்னிலையிலேயே வெளிப்படுகின்றது. முதிர்ந்த கரிபியன் பைன் தடித்த பட்டையினால் தன்னைக் காத்துக்கொள்கின்றது. பட்டுலாவோ எளிதில் கருகி மடியும். எனினும் அதன் கூம்புகள் பல ஆண்டுகள் மூடியபடியே கிளைகளில் தங்கியிருந்து, தீயின் வெப்பத்தில் விரிந்து, எரிந்த நிலத்தில் விதைகளைச் சொரிகின்றன. தென்னாபிரிக்காவிலும் மலாவியின் முலாஞ்சே மலையிலும் இம்மரம் இயற்கைத் தாவரங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டமை நமக்கு ஓர் எச்சரிக்கையாகும்.

மறுபுறத்தில், சிங்கராஜ வனத்தின் எல்லையிலுள்ள கரிபியன் பைன் தோட்டத்தில் 1990களில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வு நம்பிக்கை தருகின்றது. அங்கு மும்மூன்று வரிசை மரங்களை அகற்றி, அந்த இடைவெளியில் நாட்டப்பட்ட உள்நாட்டு மழைக்காட்டு மரக்கன்றுகள், அடர்ந்த பைன் நிழலில் இருந்தவற்றைவிடச் செழித்து வளர்ந்தன. அந்நிய மரமே உள்நாட்டு மரத்துக்குச் செவிலித்தாயாயிற்று.

ஆகவே, பைனஸ் காடுகளை என்ன செய்வது என்ற வினாவுக்கு ஒரே விடை இருக்க முடியாது. கரிபியன் பைன் நிற்கும் இடங்களில், அதனைப் படிப்படியாக விலக்கி இயற்கைக் காட்டை மீட்கலாம். பட்டுலா நிற்கும் உயர்நிலங்களிலோ, வரட்சிக் காலத்தில் தீ வைக்கப்படுவதைத் தடுப்பதே முதற் கடமையாகும். எந்த மரம் எங்கே நிற்கின்றது என்பதை அறியாமல் வெட்டுவதும் தவறு. அறியாமல் விட்டுவைப்பதும் தவறு.