சேதுச் செலவு

‘செலவு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஓரிடத்தினின்றும் பிறிதோரிடத்துக்குச் செல்லுதலும் செலவு. கைப்பொருள் நீங்குதலும் செலவு. யாத்திரையில் இவ்விரண்டும் ஒருங்கே நிகழும். புதுச்சேரியைச் சார்ந்த வில்லியனூர், பாகூர்ப் பகுதிச் சிற்றூர்களில் அறுவடை முடிந்து நெல்லும் விலையானபின், இராமேசுவரத்துக்குப் போய்வரும் பேச்சு எழுவதுண்டு. தனியே செல்லின் வாடகை வண்டிக்குப் பொருள் போதாது. ஆதலின் நாற்பது ஐம்பது பேர் ஒன்றுகூடி, தலைக்கு இவ்வளவு என அமைப்பாளரிடம் தொகை செலுத்தி, ஒரே பேருந்தில் இரவோடிரவாகப் புறப்படுகின்றனர். இதனையே குழுச் சுற்றுலா என்பர்.

1841ஆம் ஆண்டு தாமஸ் குக் என்பவர் இங்கிலாந்தில் ஏறக்குறைய 500 பேரிடம் தலைக்கு ஒரு ஷில்லிங் பெற்று, லெஸ்டர் நகரிலிருந்து லாஃப்பரோ நகருக்குப் புகைவண்டியில் அழைத்துச் சென்றார். மேனாட்டார் இதனைக் குழுச் சுற்றுலாவின் தொடக்கமாகப் போற்றுவர். ஆயின், அதற்கு முன்பே நம் நாட்டில் சேது யாத்திரிகர் கூட்டங்கூட்டமாக நடந்து சென்றனர். அவர்க்கு உண்டியும் உறையுளும் அளித்தற்பொருட்டுத் தஞ்சை மராட்டிய மன்னர் வழிநெடுகச் சத்திரங்கள் அமைத்தனர். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. அன்று மன்னர் அறமாகச் செய்ததை இன்று அமைப்பாளர் ஊதியத்துக்குச் செய்கிறார். அதில் இழிவில்லை, கணக்கு மட்டும் தெளிவாக இருத்தல் வேண்டும். வண்டியும் உணவும் தங்குமிடமும் தொகையுள் அடங்குதல் வழக்கம். கோயிலினுள் 22 தீர்த்தங்களில் நீராடுதற்குரிய கட்டணம் பெரும்பாலும் அடங்காது. இதனை முன்னரே கேட்டறியாதவர் தீர்த்தக்கரையில் நின்று சொற்போர் புரிவர்.

பொருளினும் அரியது காலம். அதுவும் அமைப்பாளர் கையில் உள்ளது. விடியுமுன் அக்கினி தீர்த்தத்தில் நீராட்டு, பின்னர்த் தீர்த்தக் கிணறுகள், அதன்பின் இறைவழிபாடு என விரைவு மிகுகின்றது. ஏறத்தாழ 1200 தூண்கள் நிற்கும் வெளிப் பிராகாரத்தைப் பலர் நிமிர்ந்தும் பாராமல் கடக்கின்றனர். பிற்பகலில் தனுஷ்கோடிக்கு அரைமணி நேரமே கிடைக்கிறது. சங்கும் சோழியும் விலை பேசுவதிலேயே அதுவும் கழிந்துவிடுகிறது.

தனுஷ்கோடியோ எளிதில் கடந்துவிடத்தக்க ஊர் அன்று. 1914ஆம் ஆண்டு பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்பட்டபின், புகைவண்டியில் இவ்வூரை அடைந்தோர் கப்பலேறி இலங்கையின் தலைமன்னாருக்குச் சென்றனர். நிலையம், அஞ்சலகம், சுங்கச்சாவடி, கோயில்கள் ஆகியவற்றோடு ஊர் பொலிந்தது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயல் அதனை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த புகைவண்டியைக் கடல் விழுங்க, அதிலிருந்தோர் மாண்டனர். ஊர் வாழத் தகுதியற்றதென அரசு அறிவித்தது. கூரையிழந்த தேவாலயச் சுவர்கள் இன்றும் மணலில் நிற்கின்றன. நிலமுனை வரை சாலை 2017இல் தான் திறக்கப்பட்டது.

ஆயினும் மீனவர் சிலர் அங்குக் குடிசைகளில் வாழ்கின்றனர். இருபுறமும் கடல் சூழ்ந்த மணலைச் சிறிது தோண்டிக் குடிநீர் எடுக்கின்றனர். உப்புக்கடலின் நடுவே நன்னீர் எவ்வாறு வந்தது? மணலில் விழும் மழைநீர் கீழிறங்கித் தேங்குகிறது. உவர்நீர் கனமானது, நன்னீர் அதனினும் இலேசானது. ஆதலின் நன்னீர் உவர்நீரின்மேல் ஒரு படலமாய் மிதக்கிறது. கையால் அள்ளுமளவு எடுப்பின் அப்படலம் நிலைக்கும். எந்திரம் வைத்து இறைப்பின் கீழுள்ள உவர்நீர் மேலேறிவிடும்.

பாகூர்ப் பகுதியின் கடலோர ஊர்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் உப்பேறுவதன் காரணமும் இதுவே. மிகுதியாக இறைத்த இடத்தில் கடல்நீர் நிலத்தடியில் புகுகின்றது. அவ்வூர் உழவர் தனுஷ்கோடியின் ஊற்றருகே நின்று ஒரு கை நீர் பருகினால், தம் வயலடியில் நிகழ்வது இன்னதென எளிதில் உணர்வர். அதற்கு மேலும் கால் மணி நேரம் போதும். புறப்படுமுன்பே அமைப்பாளரிடம் கேட்டுப் பெறக்கூடிய நேரந்தான் அது.