கை உடைஞ்சா என்ன... செல்லோ இருக்கே!

பரீட்சைக்கு முந்தின நாள் கை உடைஞ்சா நமக்கே எப்படி இருக்கும்? கைதான் சோறு போடுதுன்னு வாழ்ற ஆளுக்கு?

ஆஸ்கர் பெட்டிஃபோர்டுக்கு 1949-ல் அதுதான் நடந்தது. அமெரிக்காவில் வுடி ஹெர்மன் பேண்டில் டபுள் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தவர், பேஸ்பால் ஆடப் போய் கையை உடைத்துக்கொண்டார். டபுள் பேஸ் ஆள் உயர வாத்தியம். கட்டுப் போட்ட கையோடு அதை எங்கே தொடுவது?

சும்மா உட்கார முடியாமல், நண்பரின் செல்லோவை இரவல் வாங்கி நோண்ட ஆரம்பித்தார். செல்லோ, பேஸுக்குத் தம்பி மாதிரி. உட்கார்ந்தபடி முழங்கால்களுக்கு நடுவே பிடித்து வாசிக்கலாம்.

ஆனால் ஒரு சிக்கல். செல்லோவில் அடுத்தடுத்த கம்பிகளுக்கு ச-ப இடைவெளி, பேஸில் ச-ம. விரல்கள் பழகிய கணக்கெல்லாம் தப்பாகும். நம்ம ஆள் என்ன செய்தார் தெரியுமா? செல்லோவையே பேஸ் மாதிரி சுருதி சேர்த்துவிட்டார், ஒரு ஸ்தாயி மேலே! கிடார் பார்ட்டிகளுக்குச் சொல்லணும்னா, உங்க கிடாரின் கீழ் சுருதிக் கம்பிகள் நாலும் அதே ஸ்வரங்கள்தான். வில்லை ஓரங்கட்டிவிட்டு, விரலால் மீட்டியே பின்னியெடுத்தார்.

கை சரியானது. ஆனால் செல்லோவை அவர் விடவில்லை. 1950-லேயே டியூக் எலிங்டன், பில்லி ஸ்ட்ரேஹார்னோடு செல்லோ வாசித்து ரெக்கார்டிங். 1953 டிசம்பரில் பதிவானது நம்ம மேட்டர்: 'தி நியூ ஆஸ்கர் பெட்டிஃபோர்ட் செக்ஸ்டெட்'. பாட்டே கிடையாது, ஆறு பேரின் வாத்தியம் மட்டும். ஜாஸில் அதிகம் கேட்காத ஃபிரெஞ்சு ஹார்னைக்கூட ஜூலியஸ் வாட்கின்ஸ் கையில் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார். அதில் 'ஸ்டாக்ஹோம் ஸ்வீட்னின்' என்றொரு டியூன். போட்டவர் குவின்சி ஜோன்ஸ். ஆமாம் பாஸ், பின்னாளில் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தைத் தயாரித்தவரேதான். அப்போ வயசு 20!

லீடர் செல்லோவுக்குப் போய்விட்டால் பேஸ் யார்? சார்லஸ் மிங்கஸ். ஆல்பத்தை வெளியிட்ட 'டெபியூ' கம்பெனியே அவரும் டிரம்மர் மேக்ஸ் ரோச்சும் 1952-ல் தொடங்கியதுதான்.

இங்கேதான் மனசைத் தைக்கிற விஷயம். மிங்கஸ் சின்ன வயசில் ஆசையாகக் கற்றுக்கொண்டது செல்லோ! அந்தக் காலத்தில் கறுப்பினப் பையனுக்குச் சிம்பொனி இசைக்குழுவில் இடம் கிடையாது. 'பேஸுக்கு மாறிடு, ஜாஸில் வாய்ப்பு வரும்' என்று நண்பன் சொல்ல, மாறினார். பின்னாளில் பேஸ் மேதை ரான் கார்ட்டருக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

யோசித்துப் பாருங்க... உடைந்த கை ஒருவரைச் செல்லோவுக்குக் கொண்டுவந்தது. தோல் நிறம் இன்னொருவரை அதிலிருந்து விரட்டியது. ரெண்டு பேரும் ஒரே ரூமில், ஒரே டியூனில். ஒருவருக்குத் தப்பிப்போன வாத்தியம் இன்னொருவர் மடியில்!

பெட்டிஃபோர்ட் 1960-ல், 37 வயதில், கோபன்ஹேகனில் இறந்துபோனார். செல்லோ நிற்கவில்லை. சிகாகோவின் டோமெகா ரீட் 2015-ல் தன் குவார்ட்டெட்டோடு செல்லோ ஆல்பம் போட்டார். 2022-ல் மெக்ஆர்தர் ஃபெலோஷிப்பும் வாங்கினார்.

இன்னிக்கு நைட் ஹெட்போனை மாட்டி அந்த 1953 ஆல்பத்தைக் கேளுங்க. மேலே துள்ளுவது பெட்டிஃபோர்டின் செல்லோ. அடியில் தாங்கிப் பிடிக்கிறது மிங்கஸின் பேஸ். ரெண்டையும் பிரிச்சுக் கேட்க முடிஞ்சா, நீங்க பாஸ்!