காரைக்காலில் குடிநோய்க்குச் சிகிச்சை: முதலில் தட்ட வேண்டிய கதவு எது?

"அப்பா ரெண்டு நாளா குடிக்கல. ஆனா கை நடுங்குது, ராத்திரி பூரா தூங்கல. சுவத்துல பூச்சி ஊருதுங்கிறாரு. என்ன பண்றதுன்னே தெரியல."

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து இப்படி ஒரு போன் வரலாம். போனை வைத்ததும் கை தானாக கூகுளுக்குப் போகும். 'டி-அடிக்‌ஷன் சென்டர் நியர் மீ' என்று தேடினால் தனியார் 'ஹோம்' விளம்பரங்கள் வந்து நிற்கும். 'நாங்களே வண்டி அனுப்பி அழைத்து வருவோம்' என்று சொல்லும் விளம்பரங்களும் அதில் இருக்கும்.

ஆனால், அந்த நிமிடத்தில் அழைக்க வேண்டிய எண் 108. மேலே சொன்ன அறிகுறிகள் ஒரு மருத்துவ அவசர நிலை. குடியை நிறுத்தியதாலேயே வந்த அவசர நிலை. காரைக்கால் போன்ற ஒரு கடலோரப் பகுதியில் குடிநோய்க்கு எங்கே, எந்த வரிசையில் சிகிச்சை தேடுவது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

காரைக்கால் ஏன் தனிக்கதை?

சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2011 கணக்கெடுப்பின்படி 2 லட்சத்துச் சொச்சம் மக்கள். கிழக்கே வங்கக் கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. ஆனால் நிர்வாகம் மட்டும் சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புதுச்சேரியிடம். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததன் மிச்சம் இந்த எல்லை.

இந்த எல்லை மதுவில் கண்கூடாகத் தெரியும். தமிழ்நாட்டில் 2003-லிருந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். புதுச்சேரியில் தனியார் கடைகள், பார்கள், உரிமம் பெற்ற சாராயக்கடை, கள்ளுக்கடை எல்லாம் உண்டு. விலையும் பொதுவாகக் குறைவு. அதனால்தான் நாகூரைத் தாண்டி வாஞ்சூருக்குள் பஸ் நுழைந்ததும் மதுக்கடைப் பலகைகள் கண்ணில் படுகின்றன. 2020-ல் கோவிட் ஊரடங்குக்குப் பிறகு கடைகளைத் திறந்தபோது, பக்கத்து மாநிலக் கூட்டம் வராமல் இருக்க புதுச்சேரி அரசு சிறப்புக் கலால் வரியே போட வேண்டியிருந்தது.

சரக்கு தெருமுனையில் கிடைக்கிறது. சிகிச்சை என்றால் மட்டும் 'பாண்டிக்குப் போகணும், சென்னைக்குப் போகணும்' என்ற எண்ணம். இந்த எண்ணத்திலேயே பல குடும்பங்களுக்கு வருடங்கள் ஓடிவிடுகின்றன.

38 பேரில் ஒருவர்

இது காரைக்காலின் பிரச்சினை மட்டும் இல்லை. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சுமார் 5.7 கோடிப் பேர் உடலுக்குக் கேடான அளவில் குடிக்கிறார்கள் அல்லது மதுவுக்கு அடிமையாகியிருக்கிறார்கள். இதில் அடிமையானவர்கள் மட்டும் சுமார் 2.9 கோடி. அவர்களில் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னவர்கள் 38 பேருக்கு ஒருவர். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்கள் 180 பேருக்கு ஒருவர்.

மீதிப் பேர் என்ன செய்கிறார்கள்? கோயிலில் கயிறு கட்டுகிறார்கள், வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் வேண்டிக்கொள்கிறார்கள், மாலை போட்டு ஒரு மண்டலம் நிறுத்துகிறார்கள். நிறுத்த வேண்டும் என்ற உறுதிக்கு இவை துணை நிற்கலாம். ஆனால் பல வருடம் தினமும் குடித்த உடம்பு அந்த உறுதியைக் கேட்டு நடந்துகொள்ளாது.

திடீர்னு நிறுத்தினா என்ன ஆகும்?

மது மூளையின் வேகத்தை அடக்கி வைக்கும் பொருள். தினமும் குடிப்பவரின் மூளை, அந்த அடக்குதலை மீறி வேலை செய்யப் பழகியிருக்கும். ஒரே நாளில் மதுவை எடுத்துவிட்டால், பிரேக் இல்லாத வண்டி மாதிரி மூளை தறிகெட்டு ஓடும். பொதுவான கால அட்டவணை இது:

• 6 முதல் 24 மணி நேரம்: கை நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை, படபடப்பு.

• முதல் 2 நாள்: சிலருக்கு வலிப்பு வரலாம்.

• 2 முதல் 4-ம் நாள்: சிலருக்கு நினைவு குழம்பும். இல்லாத பூச்சி, இல்லாத ஆட்கள் தெரிவார்கள், காய்ச்சல் அடிக்கும், இதயத் துடிப்பு எகிறும். மருத்துவர்கள் 'டெலிரியம் ட்ரெமென்ஸ்' என்கிறார்கள். சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரே போகலாம்.

எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆனால் காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு 'கட்டிங்' போட்டால்தான் நடுக்கம் நிற்கிறது என்றால், அவரை வீட்டில் வைத்து ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. இதற்கு முன் நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். 'ரெண்டு நாள் ரூம்ல போட்டுப் பூட்டினா சரியாயிடும்' என்ற யோசனை கொல்லக்கூடியது.

கடலோரத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விசைப்படகில் போகிறவர்கள் பல நாள் கழித்துத்தான் கரை திரும்புவார்கள். கரையில் தினமும் குடித்துவிட்டு, கடலில் சரக்கு இல்லாமல் இருக்கும் தொழிலாளிக்கு இரண்டாம், மூன்றாம் நாள் ஆபத்து நடுக்கடலில் வரும். வலிப்பு வரும் இடம் படகின் விளிம்பாகக்கூட இருக்கலாம்.

2020 மார்ச் ஊரடங்கில் கடைகள் ஒரே நாளில் மூடியபோது நாடு இதைப் பார்த்தது. கேரள அரசு, மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று உத்தரவு போடும் அளவுக்குப் போனது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 'இதற்கு மருந்து மது இல்லை, சிகிச்சை இருக்கிறது' என்பதுதான் மருத்துவர்களின் வாதம்.

முதல் கதவு: அரசு மருத்துவமனை

அந்தச் சிகிச்சை பெரிய ரகசியம் இல்லை. குளோர்டயாசெபாக்சைடு, லோராசெபாம் போன்ற மாத்திரைகளைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தயமின் என்ற வைட்டமின் பி1. குடிப்பவர்கள் உடம்பில் இது குறைந்திருக்கும். கவனிக்காமல் விட்டால் ஞாபக சக்தி நிரந்தரமாகப் போகலாம். குடிநோயாளிக்கு வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

இவை அரசு மருத்துவமனையில் கொடுக்கக்கூடிய மருந்துகள். எனவே காரைக்கால்காரருக்கு முதல் கதவு, ஊரிலேயே இருக்கும் அரசு பொது மருத்துவமனை. நடுக்கம், வலிப்பு, குழப்பம் இருந்தால் நேரே அவசரப் பிரிவு. இல்லாவிட்டால் 'மனநல ஓ.பி. எந்தெந்த நாள்?' என்று கேட்டுக்கொண்டு போகலாம்.

டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை நான்கு: கடைசியாகக் குடித்தது எப்போது, தினமும் எவ்வளவு, முன்பு வலிப்பு வந்திருக்கிறதா, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் என்ன மாத்திரை. 'குடிப்பழக்கம்னு சொன்னா மரியாதை போயிடும்' என்று வயிற்றுவலியோடு மட்டும் அட்மிட் ஆகி, மூன்றாம் நாள் வார்டில் குழம்பிப் போகிறவர்களை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள்.

ஆள் வர மறுத்தால் குடும்பத்தினர் மட்டுமாவது போய் ஆலோசனை கேட்கலாம். போனிலும் கேட்கலாம். 14416 என்பது 'டெலி-மானஸ்' மனநல உதவி எண். 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். 14446 என்பது போதை மீட்புக்கான தேசிய உதவி எண். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

எல்லை தாண்டலாமா?

தாராளமாக. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. நாகப்பட்டினம் சுமார் 20 கிலோமீட்டர்தான். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்தது. சிக்கலான நோயாளிகளுக்கு, போதை மீட்புக்கென்றே தனி கிளினிக் உள்ள புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது.

2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருளால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அரசு நடத்தும் மனநல சேவையை எந்தப் பாகுபாடும் இல்லாமல் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது அதன் 18-வது பிரிவு. ஆனால் தமிழ்நாட்டின் முதல்வர் காப்பீட்டு அட்டை தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கானது. காரைக்கால் ரேஷன் கார்டுக்கு அது பொருந்தாது.

அலுவலகத்தில் கொடுத்த ஹெல்த் இன்ஷூரன்ஸில் அப்பாவையும் சேர்த்திருக்கிறீர்களா? பாலிசியின் விலக்குப் பட்டியலைப் பாருங்கள். மது, போதை அடிமைத்தனத்துக்கான சிகிச்சை பெரும்பாலும் அதில் இருக்கும்.

'அவருக்குத் தெரியாமலே நிறுத்தலாம்'

சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடி, சொட்டு மருந்து என்று வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். டைசல்ஃபிரம் என்று ஒரு மருந்து உண்மையாகவே இருக்கிறது. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும். நோயாளி தெரிந்து, சம்மதித்து, டாக்டர் மேற்பார்வையில் எடுத்தால் அது சிகிச்சை. தெரியாமல் குழம்பில் கலந்தால், அன்று மாலை அவர் வழக்கம்போல் குடிக்கும்போது உயிருக்கே உலை. இதய நோய் இருப்பவருக்கு ஆபத்து பல மடங்கு. உண்மை தெரியவரும் நாளில், வீட்டுச் சாப்பாட்டின் மீதான நம்பிக்கையும் போய்விடும்.

தனியார் ஹோம்: என்ன கேட்கணும்?

நல்ல மையங்களும் உண்டு. பணம் கட்டும் முன் நான்கு கேள்வி கேளுங்கள்.

1. மனநலச் சட்டத்தின் கீழ் பதிவுச் சான்று இருக்கிறதா? பதிவு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

2. மனநல மருத்துவர் யார், எந்த நாட்களில் வருகிறார்? வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள்?

3. குடும்பத்தினர் நேரில் பார்க்கவும் போனில் பேசவும் விடுவார்களா?

4. உள்ளே போய் தங்குமிடத்தையும் கழிப்பறையையும் பார்க்க விடுவார்களா?

'மூணு மாசம் யாரும் பார்க்கக் கூடாது' என்றால் திரும்பிவிடுங்கள். ஆளைத் தூக்கி வண்டியில் போட்டுக் கொண்டுபோவது சிகிச்சை முறை இல்லை. சம்மதிக்காதவரைச் சேர்ப்பதற்குச் சட்டத்தில் தனி நடைமுறை இருக்கிறது. மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும்; முதலில் 30 நாள் வரைதான். சங்கிலியால் கட்டுவது எந்த வடிவிலும் குற்றம். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில், உரிய அனுமதி இல்லாமல் நடந்த ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டதை மறந்துவிடக் கூடாது.

கஞ்சா, மாத்திரை என்றால்?

கதவு அதேதான். 'போலீஸ் கேஸ் ஆயிடுமோ' என்ற பயத்தில் மறைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, சொந்தப் பயன்பாடு அல்லது சிறிய அளவு தொடர்பான வழக்கில் சிக்கிய அடிமை, அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம்.

மஞ்சக்குடி சொல்லும் பாடம்

முதல் ஐந்தாறு நாள் மருந்து உடம்பைக் காப்பாற்றும். அதற்குப் பிறகு? ஆள் அதே தெருவுக்குத்தான் திரும்புகிறார். அதே கடை, அதே கூட்டாளிகள், அதே சம்பள நாள்.

இதற்கு ஒரு பதில் காரைக்காலுக்குப் பக்கத்திலேயே, குடவாசலை ஒட்டிய மஞ்சக்குடியில் கிடைத்தது. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கியவர். 'டி.டி.கே. மருத்துவமனை' என்றால் பலருக்கும் தெரியும். கிராமத்து மக்களைச் சென்னைக்கு வரச் சொல்லாமல், அவர்கள் குழு மஞ்சக்குடிக்கே போய் முகாம் போட்டது. சிகிச்சை ஊருக்குள் நடந்தது. குடும்பத்தினரும் ஊர்க்காரர்களும் அதில் பங்கெடுத்தார்கள். அந்த அனுபவத்தை அவர் 1994-ல் 'அடிக்‌ஷன்' என்ற சர்வதேச ஆய்விதழில் கட்டுரையாகவும் எழுதினார்.

அந்த முறையை இன்று ஒரு குடும்பமே சின்ன அளவில் செய்யலாம். டிஸ்சார்ஜ் ஆகும்போதே அடுத்த ஓ.பி. தேதியை வாங்கிக்கொள்ளுங்கள். குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் அவருக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் பக்கத்தில் நடக்கிறதா என்று விசாரியுங்கள், கட்டணம் கிடையாது. மீனவர் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் சிகிச்சை தொடங்க நல்ல நேரம். கடலுக்குப் போகும் கவலை இல்லாமல் இரண்டு மாதம் ஓ.பி.க்குப் போய்வரலாம்.

ஆறு மாதம் கழித்து 'மறுபடி குடிச்சுட்டாரு' என்று போன் வரலாம். குடிநோயில் அது நடக்கக்கூடியதுதான். சர்க்கரை மறுபடி ஏறினால் யாரும் டாக்டரை விட்டுவிடுவதில்லை. இதிலும் அதே ஓ.பி.க்கு, அதே வாரத்திலேயே மறுபடி அழைத்துப் போக வேண்டும். வீட்டில் பூட்டி வைக்க மட்டும் வேண்டாம்.

14416, 14446, 108. இந்த மூன்று எண்களையும் ஊரிலிருக்கும் அம்மாவின் போனில் இன்றைக்கே சேமித்துக் கொடுத்துவிடுங்கள்.