தோலுக்கும் வேண்டும் மூடாக்கு!

"மாடியில் நான்கு ஆண்டுகளாகக் கத்திரி, வெண்டை, கீரை வளர்க்கிறேன். சில மாதங்களாக உள்ளங்கை வறண்டு, விரல் இடுக்குகளில் வெடிக்கிறது. இஞ்சி-பூண்டு-பச்சைமிளகாய்க் கரைசலுக்கு அரைத்த அன்று, ராத்திரி தூங்க முடியாத அளவுக்கு எரிச்சல். எந்த எண்ணெய் தடவினால் சரியாகும்?"

- வாசகி, பாடி.

நாற்று நட்டுவிட்டுக் கரையேறும் பெண்களும், கோடையில் கொத்து வேலைக்குப் போகும் விவசாயக் கூலிகளும், பாடி, அம்பத்தூர் பக்கம் லேத் பட்டறையில் நாள் முழுக்கக் கூலன்ட்டில் கை நனைப்பவர்களும் கேட்கிற கேள்விதான் இது. எண்ணெய் எது என்பதைப் பிறகு பார்ப்போம். தோலில் எது உடைந்திருக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டால், பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. அதோடு, அந்த உடைப்பு வழியாகத்தான் பூச்சிக்கொல்லியும் சுலபமாக உடம்புக்குள் போகிறது. ஆகவே, மருந்தடிக்கும் விவசாயிகள் இதை அழகு சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டாம்.

வரப்பும் மட்கும்

நம் தோலின் வெளி அடுக்கு, உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில், ஒரு காகிதத்தின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதற்குள் பதினைந்து, இருபது வரிசையாகத் தட்டையான இறந்த செல்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. செங்கல்லுக்கு இடையில் சாந்து பூசியதுபோல, செல்களுக்கு நடுவே ஒரு கொழுப்புப் பூச்சு இருக்கிறது. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தது அந்தப் பூச்சு. வயலுக்கு வரப்பு எப்படியோ, உடம்புக்கு இது அப்படி. உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது. வெளியே இருப்பதை உள்ளே விடாது.

இந்த வரப்பு நன்றாக இருக்கும்போதே, வியர்வையைச் சேர்க்காமல், தோல் வழியாக ஒரு நாளைக்கு 300 முதல் 400 மில்லி தண்ணீர் ஆவியாகிறது. உடம்பில் பெரும்பகுதி தீக்காயம் பட்டவர்களுக்கு வரப்பு முழுசாகப் போய்விடுவதால், ஒரே நாளில் 3 முதல் 5 லிட்டர் வரை வெளியேறிவிடும். இந்த மெல்லிய அடுக்கின் மதிப்பு அதிலேயே தெரியும்.

மண்ணில் ஈரம் பிடித்துவைக்க மட்கு இருப்பதைப்போல, அந்த இறந்த செல்களுக்குள்ளும் ஈரம் பிடிக்கும் பொருட்கள் இருக்கின்றன. அமினோ அமிலங்கள், லாக்டிக் அமிலம், கூடவே யூரியா. ஆமாம், நாம் வயலுக்குப் போடுகிற அதே யூரியாதான். கால் வெடிப்புக்கு டாக்டர்கள் எழுதித் தரும் பல களிம்புகளில் யூரியா இருப்பதும் இதனால்தான். அதற்காக மூட்டையில் இருந்து ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்துத் தடவிவிடாதீர்கள். களிம்பில் இருப்பது மருந்துத் தரத்தில், அளந்து சேர்த்தது. உர யூரியா புண்ணை எரிக்கத்தான் செய்யும்.

இன்னொரு விஷயம். நல்ல தோலின் மேல்பரப்பு லேசான அமிலத்தன்மையோடு, பி.எச் 5-ஐ ஒட்டி இருக்கும். வரப்பைப் பழுதுபார்க்கும் நொதிகள் அந்த அமிலத்தில்தான் ஒழுங்காக வேலை செய்யும். மண்ணின் கார அமில நிலையைப் பார்த்துப் பயிர் வைக்கிற நமக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

வரப்பை உடைப்பது யார்?

முதல் எதிரி சோப்பு. சாதாரணக் குளியல் சோப்பின் பி.எச் 9-லிருந்து 10. துணி சோப்பு, சலவைத்தூள் அதைவிடக் காரம். இவை அழுக்கோடு சேர்த்து நம் கொழுப்புப் பூச்சையும் கழுவிவிடுகின்றன. போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் பாதிப்பு இரட்டிப்பு. கடினநீரில் இருக்கும் கால்சியம், மக்னீசியம் சோப்போடு சேர்ந்து வெள்ளைக் கசடாகத் தோலில் படியும். நுரை வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் சோப்பு தேய்ப்போம். அதுவும் அங்கேயே படியும்.

இரண்டாவது, தண்ணீரேதான். மணிக்கணக்காகச் சேற்றில் நின்றால் தோல் ஊறி உப்பி, பூச்சின் அடுக்கு கலைந்துபோகும். கரையேறிய பிறகு, முன்பு இருந்ததைவிடத் தோல் அதிகமாக வறண்டுபோவதற்குக் காரணம் இதுதான். விரல் இடுக்கில் ஈரம் தங்கினால் சேற்றுப்புண்ணும் சேர்ந்துகொள்ளும்.

மூன்றாவது, காரமும் கரைப்பான்களும். ஈர சிமென்ட்டின் பி.எச் 12-க்கு மேல். சுண்ணாம்பும் அப்படித்தான். மண்ணெண்ணெய், டீசல், தின்னர் ஆகியவை கொழுப்பைக் கரைக்கவே பிறந்தவை. பட்டறையில் கிரீஸ் போக மண்ணெண்ணெயில் கை கழுவுவதும், டிராக்டர் வேலை முடிந்து டீசலில் கை தேய்ப்பதும் நம் ஊர்களில் சகஜம். ஒவ்வொரு முறையும் வரப்பில் ஒரு வெட்டு விழுகிறது.

இவற்றோடு வயதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறுபதைத் தாண்டியவர்களின் தோலில் கொழுப்பு குறைவாகத்தான் ஊறும். பழுது ஆறவும் நாளாகும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. உடம்பில் முதலில் வெடிப்பது அந்த இரண்டு இடங்கள்தான் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விஷம் போகும் வழி

பூச்சிக்கொல்லி மூச்சு வழியாக மட்டுமே போகும் என்று நினைத்து, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெறுங்கையால் மருந்து கலக்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தெளிப்பவர் உடம்பில் மருந்து சேரும் முக்கியமான பாதை தோல்தான்.

உடம்பின் எல்லா இடமும் ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. 1967-ல் அமெரிக்காவில் ஃபெல்ட்மேன், மைபாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு ஹார்மோன் மருந்தைத் தோலில் தடவி இதை அளந்தார்கள். முன்கை ஒரு பங்கு உறிஞ்சினால், தலை மூன்றரைப் பங்கு, நெற்றி 6 பங்கு, தாடைப்பகுதி 13 பங்கு, விதைப்பை 42 பங்கு உறிஞ்சியது. முதுகில் மாட்டிய தெளிப்பான் ஒழுகி, கைலியும் உள்ளாடையும் நனைந்த பிறகும், 'ரெண்டு டேங்க்தானே பாக்கி' என்று தொடர்வது எவ்வளவு பெரிய ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

இது நல்ல தோலின் கணக்கு. தோல் வெடித்திருந்தால் இன்னும் அதிகமாகப் போகும். 'இ.சி.' என்று போட்டு வரும் திரவ மருந்துகளில் விஷத்தோடு கரைப்பான்களும் இருப்பதால், அவையே பூச்சைக் கரைத்து வழி உண்டாக்கிக்கொள்ளும். 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பல நூறு பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கையுறை, முழுக்கைச் சட்டை போன்ற பாதுகாப்பு இல்லாமல் தெளித்தது அப்போது பெரிதாகப் பேசப்பட்டது.

ஆகவே,

* கையில் வெடிப்போ, காயமோ இருக்கும் நாளில் மருந்து கலக்கவோ, தெளிக்கவோ வேண்டாம். அந்த வேலையை வேறொருவரிடம் விடுங்கள்.

* நைட்ரைல் கையுறை போடுங்கள். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சிவைத்துக் கையோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அது வெறுங்கையைவிட மோசம். கழற்றுவதற்கு முன் கையுறையின் வெளிப்புறத்தைக் கழுவுங்கள்.

* தெளிப்பதற்கு முன் 'பாதுகாப்பு' என்று எண்ணெய் தடவிக்கொள்ளாதீர்கள். பல மருந்துகள் கொழுப்பில் கரையும். எண்ணெய் அவற்றைத் தடுக்காது, பிடித்துவைத்துக்கொள்ளும்.

* துணி நனைந்தால் உடனே கழற்றி, அந்த இடத்தைச் சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். இந்த நேரத்தில் சோப்பு தோலுக்குக் கெடுதல் என்று தயங்கக் கூடாது. அந்தத் துணிகளைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

* தலைசுற்றல், வாந்தி, எச்சில் ஒழுகுதல், அதிக வியர்வை, கண் மங்குதல் தெரிந்தால், மருந்து டப்பாவின் லேபிளோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 108-ஐ அழைக்கலாம்.

எப்படிச் சரிசெய்வது?

உடைப்பதை நிறுத்தினாலே, தோல் சில மணி நேரத்தில் பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்கிவிடும். லேசான பாதிப்பு சில நாட்களில் மூடும். ஆழமான வெடிப்புக்கு வாரங்கள் ஆகும். நாம் செய்ய வேண்டியது, அந்த நேரத்தில் ஈரம் போகாமல் பார்த்துக்கொள்வதுதான். மண்ணுக்கு மூடாக்கு போடுகிற அதே வேலை.

குளியல்: வெந்நீர் வேண்டாம், குளிர்ந்த நீரோ, வெதுவெதுப்பான நீரோ போதும். பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள். அக்குள், தொடை இடுக்கு, பாதம், அழுக்குப் பட்ட இடம் தவிர மற்ற இடங்களுக்குத் தினமும் சோப்பு தேவையில்லை. பீர்க்கன் நார், கல் வைத்து வறண்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். பாசிப்பயறு மாவை நைசாக அரைத்துச் சலித்துப் பயன்படுத்தலாம். சோப்பு உறையில் டி.எஃப்.எம். என்று ஓர் எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி முதல் தரக் குளியல் சோப்பில் இது குறைந்தது 76 சதவிகிதம். எண் கூடினால் கலப்படச் சரக்கு குறைவு என்று பொருள். ஆனால், காரம் குறைவு என்று பொருளல்ல.

ஈரத்தின் மேல் எண்ணெய்: துண்டால் ஒற்றி எடுத்ததும், தோல் முழுக்கக் காய்வதற்குள், மூன்று நிமிடத்துக்குள் எண்ணெய் தடவ வேண்டும். காய்ந்த தரையில் மூடாக்கு போட்டால் காய்ந்த தரைதான் மூடப்படும். தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் போட வேண்டும். தோலுக்கும் இதே கணக்குதான். காலையில் எண்ணெய் தேய்த்து, அதைச் சோப்புப் போட்டு முழுசாக வழித்துவிடுவதால் வறட்சிக்குப் பெரிய பலன் இல்லை.

எந்த எண்ணெய்? பாடி வாசகியின் கேள்விக்கு வந்துவிட்டோம். தேங்காய் எண்ணெய் நல்லது. 2004-ல் பிலிப்பைன்ஸில் தோல் வறட்சி உள்ளவர்களிடம் செய்த ஆய்வில், கடையில் விற்கும் மினரல் ஆயிலுக்கு இணையாக அது ஈரத்தைக் காத்தது. சூரியகாந்தி எண்ணெயும் நல்லது. அதிலுள்ள லினோலெயிக் அமிலத்தைத் தோல் தன் பூச்சுக்கே எடுத்துக்கொள்கிறது. வங்கதேசத் தலைநகர் டாக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவர்களே இந்த எண்ணெயைத் தடவிப் பார்த்தார்கள். மருத்துவமனையில் தொற்றும் கிருமி நோய் 41 சதவிகிதம் குறைந்ததாக 2005-ல் முடிவு வெளியானது. ஆலிவ் எண்ணெய் விலை அதிகம் என்பதால் உயர்வானது என்று நினைக்க வேண்டாம். அது பூச்சைத் தளர்த்துவதாக 2013-ல் வந்த இங்கிலாந்து ஆய்வு சொல்கிறது. குதிகால் வெடிப்புக்கு எண்ணெயைவிட வாசலின் போன்ற பெட்ரோலியம் ஜெல்லி நன்றாக நிற்கும். இரவில் காலைப் பத்து நிமிடம் நீரில் ஊறவைத்து, துடைத்து, ஜெல்லி தடவி, பருத்தி சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள்.

மிளகாய் எரிச்சலுக்கு: மிளகாயின் காரப்பொருள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். முதலில் சமையல் எண்ணெயைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். அடுத்த முறை கையுறையோடு அரையுங்கள். கை ஆறும்வரை பாத்திரம், துணி துவைக்கும்போதும் கையுறை இருக்கட்டும்.

வாசகர்கள் கேட்டவை

மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த களிம்பு போட்டால் உடனே குணமாகிறது. நிறுத்தினால் திரும்ப வருகிறது. ஏன்?

அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். சிவப்பையும் அரிப்பையும் சட்டென்று அடக்கும். தொடர்ந்து போட்டால் தோலே மெலிந்து, வரப்பு இன்னும் பலவீனமாகும். படர்தாமரையாக இருந்தால் உள்ளுக்குள் பரவிவிடும். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு களிம்பு விற்பதற்கு 2018-ல் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது இதனால்தான்.

பார்த்தீனியம் பிடுங்கிய பிறகு முகம், கழுத்து, கை மடிப்பெல்லாம் அரிக்கிறது. எண்ணெய் போதுமா?

போதாது. இது வறட்சி அல்ல, ஒவ்வாமை. ஒருமுறை வந்துவிட்டால், செடியின் காய்ந்த தூள் காற்றில் வந்து பட்டாலும் திரும்ப வரும். வேறொருவரை விட்டு, பூக்கும் முன்பே களையெடுக்கச் சொல்லுங்கள். தோல் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. கால் வெடிப்பில் வலியே இல்லை. விட்டுவிடலாமா?

வலி இல்லாததுதான் கவலைக்குரிய அறிகுறி. நரம்பு உணர்வு குறைந்திருக்கலாம். உங்களுக்கு வெந்நீரும் வேண்டாம், காலை ஊறவைப்பதும் வேண்டாம். பிளேடால் சீவாதீர்கள். விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, இடுக்கைத் தவிர்த்துப் பாதத்துக்கு மட்டும் களிம்பு தடவுங்கள். தினமும் இரவில் பாதத்தைக் கண்ணாடியில் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம், சீழ், வீக்கம், நிற மாற்றம் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள். வயலில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம்.