கல்ச்சர் பரிசோதனைக்கு ஏன் மூன்று நாள்?

சிறுநீரையோ சளியையோ ‘கல்ச்சர்’ பரிசோதனைக்குக் கொடுப்பவர்களிடம், முடிவு தெரிய இரண்டு அல்லது மூன்று நாள் ஆகும் என்று கூறுகிறோம். ஜவ்வாது மலைச் சிற்றூர்களிலிருந்து வருவோருக்கு அது மற்றுமொரு பேருந்துப் பயணம். மற்றுமொரு நாள் கூலி இழப்பு. ஆகவே, அந்த நாட்களில் என்ன நடக்கிறது என்பதை அறிந்துகொள்வது நன்று.

கிருமிகளை வளர்ப்பதற்கு ‘அகர்’ என்னும் பொருள் பயன்படுகிறது. ரமலான் மாதத்தில் பல இல்லங்களில் பாலில் காய்ச்சிக் குளிரவைத்து உண்ணும் ‘கடல்பாசி’ இதுவே. இராமேசுவரம், மண்டபம் பகுதிப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கிச் சேகரிக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி ஆகியவற்றிலிருந்து அகர் எடுக்கப்படுகிறது.

முன்னர் அறிவியலாளர்கள் இதற்கு ஜெலட்டினைப் பயன்படுத்தினர். நோய்க்கிருமிகள் நன்கு வளர 37 டிகிரி செல்சியஸ் அளவிலான உடல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தில் ஜெலட்டின் உருகிவிடும். 1881-ஆம் ஆண்டு, ஜெர்மனியில் இராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயிடம், அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே தமது சமையலில் பயன்பட்ட அகரைப் பரிந்துரைத்தார். இறுகிய அகர் மீண்டும் உருக ஏறத்தாழ 85 டிகிரி வெப்பம் தேவை. பெரும்பாலான கிருமிகளால் அதைச் செரிக்கவும் இயலாது. எனவே இன்றும் அதையே பயன்படுத்துகிறோம்.

சத்துப்பொருள் கலந்த அகர்த் தட்டில் தங்கள் மாதிரியைத் தடவி, வெதுவெதுப்பான பெட்டியில் ஓர் இரவு வைக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத கிருமி பல இலட்சமாகப் பெருகி, மறுநாள் சிறு புள்ளியாகத் தென்படும். அது எந்தக் கிருமி என்று கண்டறிந்து, வேறொரு தட்டில் பரப்பி, அதன்மீது பல ஆன்டிபயாடிக் மருந்துகள் ஏற்றிய சிறு வில்லைகளை வைக்கிறோம். எந்த வில்லையைச் சுற்றிப் போதிய அளவு கிருமி வளராத வெற்றிடம் தோன்றுகிறதோ, அந்த மருந்து அக்கிருமியை அடக்க வல்லது. இதற்கு மேலும் ஒரு நாள் ஆகும். இரத்த மாதிரிக்கு ஐந்து நாள் வரையிலும் ஆகலாம்.

இப்பரிசோதனை பயன்தருவது பெரிதும் தங்கள் கையில் உள்ளது. மாதிரி கொடுக்கும் முன் வீட்டில் மிஞ்சிய மாத்திரையையோ, கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கையோ உட்கொள்ளாதீர்கள். கிருமி உடலில் இருந்தும் தட்டில் வளராமல் போகக்கூடும். ஏற்கெனவே உட்கொண்டிருந்தால் மறைக்காமல் கூறுங்கள். சிறுநீரை வீட்டிலிருந்து எடுத்து வரவேண்டாம்; மலைப்பாதைப் பயணத்தில் மணிக்கணக்கில் குப்பியில் இருந்தால், வெளியிலிருந்து கலந்த கிருமிகளும் பெருகி முடிவைக் குழப்பும். மருத்துவமனைக்கு வந்தபின், முதலில் வரும் சிறுநீரை விட்டு, நடுவில் வருவதைத் தூய குப்பியில் பிடித்து உடனே கொடுங்கள். சளி என்றால் எச்சில் போதாது. நெஞ்சிலிருந்து இருமி எடுத்தது வேண்டும்.

நோய் கடுமையாக இருந்தால், மாதிரி எடுத்தவுடனேயே மருந்தைத் தொடங்கிவிடுவோம். முடிவு வந்தபின் தேவையெனில் மாற்றுவோம். ஆகவே, காய்ச்சல் தணிந்துவிட்டாலும் முடிவைப் பெறாமல் இருந்துவிடாதீர்கள். தங்களுக்குரிய சரியான மருந்து எது என்பதை அந்த அறிக்கையே உறுதிசெய்யும்.